பொழுது சாய்ந்தபின் கொடுத்த மாத்திரை

செய்முறைத் தேர்வில் நான் கேட்கும் இரண்டாவது வினாவுக்கு மாணவியர் அஞ்சுவர் என்பதை நான் அறிவேன். மருந்து கொடுக்கும் முறையை அவர்கள் பிழையறச் செய்து காட்டுவர். இறுதியில், "கொடுத்தேன், விழுங்கியதைக் கண்ணால் கண்டேன்" என்று பாடம் செய்த தொடரை ஒப்பித்து நிமிர்வர். "நல்லது. இவர் கடைசியாக எப்போது உண்டார்?" என்று நான் கேட்பேன். பாடநூலில் அவ்வினா இல்லை. கட்டிலில் கிடப்பவரை ஒரு சொல் கேட்டால் விடை கிடைத்துவிடும். ஆயினும் பெரும்பாலோர் கட்டிலை விட்டுவிட்டுக் கூரையைப் பார்ப்பர்.

அம்மாணவியருள் ஒருத்தி இன்று தானே பயிற்றுநராக இருக்கிறாள். சென்ற மாதம் என்னைக் காண வந்திருந்தாள். அவள் பணிபுரியும் மருத்துவமனையில் வலியடக்கும் மருந்துகள் களவு போயினவாம். இனி அலமாரியைத் திறக்க இருவர் வேண்டும், எதிரே படக்கருவி வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். "இவ்வளவும் செஞ்சா போதுமாம்மா?" என்று கேட்டாள். அவளுக்கு வாயால் சொன்ன விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. எனவே எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. சென்னையில் பயின்றேன், படுக்கை விரித்தேன், ஊசிகளைக் கொதிக்கவைத்தேன், திட்டு வாங்கினேன். தமிழாசிரியர் மகளாகையால் நோயாளியரிடமும் ஏட்டுத் தமிழ் கலந்து பேசி நகைப்புக்கு ஆளானேன். அறுபதுகளில் செஞ்சிக்குப் பணிக்கு வந்தபோது அந்நகைப்பும் உடன் வந்தது. ஓர் அறக்கட்டளை நடத்திய சிறு மருத்துவமனை அது, இன்று இல்லை. அங்கு மருந்தாளுநராக இருந்த வேணு, முதல் வாரத்திலேயே எனக்குத் 'தமிழ் சிஸ்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்.

தலைமைச் செவிலி இலீலாவதி அம்மையாரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நடுவயது, நெடிய உருவம், கஞ்சியிட்ட வெள்ளைச் சேலையில் ஒரு மடிப்பும் கலையாது. நச்சு மருந்து அலமாரியின் சாவியை இடுப்புப் பட்டையில் ஊக்கினால் குத்தி வைத்திருப்பார். மருந்துக் குப்பியின் மேலொட்டை, அதாவது பெயர்ச்சீட்டை, மும்முறை படிப்பார்: எடுக்கும்போது ஒருமுறை, ஊற்றுமுன் ஒருமுறை, திரும்ப வைக்கும்போது ஒருமுறை. பின்பு நோயாளியைப் பெயர் சொல்லி அழைப்பார். இடக்கையால் தலையைத் தாங்கி, நாவின்மேல் மாத்திரையை வைத்து, நீர் புகட்டி, "வாயத் தொறங்க" என்பார். நாவுக்கு அடியில் பார்த்த பின்னரே தலையைத் தலையணையில் சாய்ப்பார். மாத்திரையை நோயாளியின் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்த பயிற்சிச் செவிலி எவளும் அன்று பகலுணவை நிம்மதியாக உண்டதில்லை.

"கையில குடுக்கறதுக்கு நீ தபால்காரியா?" என்பார். "உள்ள போனத நீ பார்த்தியா? பார்த்தேன்னு சொல்லு. சொல்ல முடியலன்னா நீ குடுக்கல, அவ்வளவுதான்."

மருத்துவர் சுற்றி வரும்போது ஒவ்வொரு கட்டிலருகிலும் அம்மையார் கூறும் தொடர்தான், "கொடுத்தேன், விழுங்கியதைக் கண்ணால் கண்டேன்." அதனை அவர் கூறக் கேட்டால் சான்று வேண்டத் தோன்றாது. அவர்பால் எனக்கு இருந்தது மதிப்பு மட்டுமன்று. அவரைப் போல் ஆகவேண்டும் என்னும் வேட்கையும் இருந்தது. நான் வருவதற்கு முன்னாண்டில் அவருக்குப் பித்தப்பைக் கல்லுக்காகச் சென்னையில் அறுவை நடந்தது என்பதைப் பிறர் சொல்லக் கேட்டிருக்கிறேன். காலை வேளைகளில் அவர் ஓயாமல் கொட்டாவி விட்டதையும், விசிறியின் கீழும் நெற்றி வியர்த்ததையும், கண்ணில் நீர் வழிந்ததையும் கண்டிருக்கிறேன். அவை உடல் தேறாமையின் குறிகள் என்றே எண்ணினேன்.

மல்லாட்டை என்று அப்பகுதியார் சொல்லும் நிலக்கடலையின் அறுவடைக் காலத்தில் மேல்சித்தாமூரிலிருந்து ஆதிநாத நயினார் என்னும் உழவர் எங்களிடம் கொண்டுவரப்பட்டார். மூட்டை ஏற்றிய வண்டி குடை சாய்ந்து தொடையெலும்பு முறிந்திருந்தது. காலை நீட்டிக் கட்டி, நுனியில் எடை தொங்கவிட்டு, கூடத்தின் கோடியில் மறைப்புத் தட்டிக்குள் கிடத்தினோம். தமிழ்ச் சமணக் குடும்பத்தவர், அளந்தே பேசுவார். பகலில் தசை இழுக்கும்போது கட்டில் சட்டத்தைப் பற்றுவாரே அன்றி முனகமாட்டார். இரவில் வலி மிகும் என்பதால், விளக்கு வைத்தபின் பெத்திடின் என்னும் வலியடக்கும் மாத்திரை கொடுக்குமாறு மருத்துவர் பணித்தார். அதனைக் கொடுக்கும் பொறுப்பைத் தலைமைச் செவிலி தாமே ஏற்றார்.

நயினாருக்கோ உறக்கமே இல்லை. நாள்தோறும் காலையில் நான் பணியேற்கும்போது விரிப்பு வியர்வையில் ஊறியிருக்கும், நாடி விரைந்து துடிக்கும், கண்கள் குழிந்திருக்கும். மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். அப்போதும் மாற்றமில்லை. மீண்டும் கூட்டினார்.

முதலில் வாய் திறந்தவர் வேணு. "இன்னா தமிழ் சிஸ்டர், மேல்சித்தாமூர்க்காரரு மாத்திரய முழுங்கறாரா, மல்லாட்ட மாரி மெல்றாரா? குப்பி அதுக்குள்ள காலி. ஆனா மனுசன் மொகத்தப் பாத்தா ஒரு நாளும் தூங்குன மாரி தெரில. புதுக் குப்பி நான் டாக்டர கேக்காம தர மாட்டேன்பா. அப்புறம் என் தலதான் உருளும்."

அன்று சுற்று முடிந்ததும் மருத்துவர் எங்களைத் தம் அறைக்கு அழைத்தார். நல்லவர், ஆயின் பொறுமை குறைந்தவர். காலிக் குப்பியை மேசைமேல் உருட்டியபடி பேசினார்.

"இவ்வளவு டோஸ்ல ஒரு மாடே தூங்கிடும். அவர் தூங்கலன்னா என்ன அர்த்தம்? சிஸ்டர், மாத்திரை நீங்கதானே குடுக்கறீங்க?"

"நான்தான் டாக்டர். என் கையால கொடுத்தேன். விழுங்கினதக் கண்ணால கண்டேன். அதுல சந்தேகம்னா இப்பவே என்னை அனுப்பிடுங்க."

"உங்கள யாரு சொன்னா? நீங்க குடுத்து, அவர் முழுங்கி, வேலை செய்யலன்னா, குப்பிக்குள்ள இருந்ததே வேற. யாரோ மாத்திரைய எடுத்துட்டு சோடா மாத்திரைய போட்டு வெச்சிருக்காங்க. அலமாரிய தினம் தொடைக்கிறது யாரு?"

இலீலாவதி அம்மையார் இடுப்பிலிருந்த சாவி ஊக்கைச் சரிசெய்துகொண்டார். விடை எங்கள் எல்லார்க்கும் தெரியும். அலமாரியைத் துடைப்பது பயிற்சிச் செவிலியின் பணி. துடைக்கும் பொழுதுக்குச் சாவி அவளிடம் இருக்கும். அவ்வாண்டு அப்பணி ஆரோக்கியத்தினுடையது. பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் கத்தோலிக்க உழவர் குடும்பத்துப் பெண். அவ்வூரிலிருந்து செவிலித் தொழிலுக்கு வந்த முதற்பெண். அவளை அழைத்துக் கேட்டனர்.

"தொடச்சேன் சார். குப்பியெல்லாம் எடுத்துத் தொடச்சு அதே எடத்துல வெச்சேன். தொறந்து பாக்கல சார். சத்தியமா தொறக்கல."

"நாளைக்கு மத்தியானம் உங்கப்பாவ வரச் சொல்லு" என்றார் மருத்துவர். "போலீஸ் வேணாம்னு பாக்கறேன். ஆனா உனக்கு இங்க இடமில்ல. வேற எங்கயும் இடம் கிடைக்காம எழுதி அனுப்பறதும் என் கடமை."

ஆரோக்கியம் அழவில்லை, அதுவே எனக்கு அச்சமூட்டியது. துணி மடிக்கும் அறையில் அவளைக் கண்டபோது, மடித்த விரிப்பையே பிரித்துப் பிரித்து மீண்டும் மடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா வெட்டிப்புடுவாரு சிஸ்டர்" என்றாள். விரிப்பை மீண்டும் பிரித்து, "என்னை இல்ல. அவரையே" என்றாள்.

அன்றிரவெல்லாம் ஒரு கணக்கை மனத்துக்குள் போட்டுப் பார்த்தேன். பெத்திடின் கசக்கும், சோடா மாத்திரை உப்புக் கரிக்கும். மாத்திரை மாற்றப்பட்டிருந்தால் நயினாரின் நாக்கு அதை அறிந்திருக்கும். மாதா கோயில் தேர்த்திருவிழாவுக்காக ஆரோக்கியம் இடையில் சில நாள் ஊருக்குச் சென்றிருந்தாள். அந்நாள்களில் சுவை மாறியிருப்பின் அவள் குற்றமற்றவள் என்று நிறுவலாம். நோயாளியைக் கேட்டால் போதும். நாங்கள் இத்தனை பேர் அவரைப் பற்றி வழக்காடியும் அவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் முற்பகலில் மறைப்புத் தட்டிக்குள் சென்றேன். நயினாரின் மனைவி பத்மாவதி அம்மாள் தூக்குப்பாத்திரத்துடன் அப்போதுதான் வந்திருந்தார். இரவில் தங்கமாட்டார், மாடு கன்று இருப்பதால் மாலைப் பேருந்தில் திரும்பிவிடுவார்.

"ஐயா, ராத்திரி மாத்திரை கசக்குதா, உப்புக் கரிக்குதா?"

நயினார் என் பக்கம் திரும்பினார். "எந்த மாத்திர?"

"விளக்கு வெச்சப்புறம் லீலா சிஸ்டர் குடுக்கிறது."

பத்மாவதி அம்மாள் சிரித்துவிட்டார். "இன்னா சிஸ்டர் வெளாட்றீங்க! பொழுது சாஞ்சா இந்த மனுசன் தண்ணியக்கூட தொட மாட்டாரு. நாங்க அப்டித்தான், விரதம். மலைக்குப் பின்னால சூரியன் எறங்கறதுக்குள்ள ரெண்டாவது வேளை சோத்தப் போட்டு முடிக்கணும்னுதான் நான் அந்தப் பாடு பட்றேன்."

"பஸ்ஸுக்கு அவசரப்படறீங்கன்னு நெனச்சேன்."

"பஸ்ஸு கெடக்குது. அது என்னிக்கு நேரத்துக்கு வந்துது?"

அவர் நாள்தோறும் சன்னல் வழியே இராசகிரி மலையைப் பார்ப்பதும், "சீக்கிரம், சீக்கிரம்" என்று கணவரை முடுக்குவதும் என் கண்முன் நடந்தவை. சென்னையிலிருந்து வந்த நானும், இலீலாவதி அம்மையாரும், மருத்துவரும் அதன் பொருளை அறிந்தோமில்லை.

"அப்போ ராத்திரி சிஸ்டர் உங்ககிட்ட வர்றதே இல்லையா?"

"வருவாங்களே" என்றார் நயினார். "தெனம் வருவாங்க. நெத்தியில கை வெச்சுப் பாப்பாங்க. வலிக்குதான்னு கேப்பாங்க. பொறுத்துக்கறேன்னு சொல்வேன். கொஞ்ச நேரம் நிப்பாங்க, போய்டுவாங்க. நல்லம்மா."

"மாத்திரை சாப்பிடுறீங்களான்னு..."

"கேக்கல. கேட்டிருந்தா வேணான்னிருப்பேன்." பின்பு என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். "இன்னா ஆச்சு சிஸ்டர்? என்னால யாருக்காச்சும் கெடுதலா?"

ஆரோக்கியத்தின் நிலையைச் சொன்னேன். அவர் கண்களை மூடிக்கொண்டார். "நான் யார் மேலயும் குத்தம் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிஞ்சது என் வாயி மட்டுந்தான். அதுக்குள்ள இன்னா போச்சு, இன்னா போவலன்னு யாரு கேட்டாலும் சொல்றேன்."

மாத்திரை மாற்றப்படவே இல்லை, கொடுக்கப்படவும் இல்லை. நெற்றியில் கைவைத்து நின்ற அக்'கொஞ்ச நேரத்தில்' அம்மையாரின் மற்றொரு கையில் அது இருந்தது. பகல் உச்சியேறும்வரை நான் இருமுறை மருத்துவரின் அறை வாயில்வரை சென்று திரும்பினேன். இருமுறையும் உள்ளே அம்மையார் இருந்தார். அவர் முகத்துக்கு நேரே அதனைச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. அவர் இல்லாதபோது சொல்லவோ மனம் ஒப்பவில்லை.

நண்பகலுக்குப் பின் ஆரோக்கியத்தின் தந்தை வந்தார். செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, மேல்துண்டைக் கையில் சுருட்டியபடி மருத்துவரின் மேசைமுன் நின்றார். அருகில் மகள். மறுபுறம் இலீலாவதி அம்மையார், என்றும்போல் நிமிர்ந்து.

"ஐயா, எங்க வூட்ல ஒரு பொருள் காணாம போனா அது கெடைக்கிற வரைக்கும் சோறு எறங்காது இவளுக்கு" என்றார் தந்தை. "இவ திருடினான்னு சொல்றீங்க. நான் இன்னா சொல்றது? படிச்சவங்க நீங்க."

மருத்துவர் எழுதுகோலைத் திறந்தார். இனி நான் பேசாதிருந்தால் எழுத்து தாளில் இறங்கிவிடும்.

"சார், எழுதறதுக்கு முன்னால சிஸ்டர்கிட்ட ஒண்ணு கேக்கணும்." "சிஸ்டர், நயினாருக்கு முந்தாநாள் மாத்திரை எப்போ குடுத்தீங்க?"

அம்மையார் என்னை நோக்கவில்லை. "டாக்டர் எழுதின நேரத்துக்கு. விளக்கு வெச்சப்புறம்."

"தண்ணியோடயா?"

"ஒரு டம்ளர் தண்ணி. கொடுத்தேன். விழுங்கினதக் கண்ணால கண்டேன்."

ஒரு சொல்லும் பிறழவில்லை. பல்லாண்டுப் பழக்கத்தில் நா தானே உருட்டிய தொடர் அது.

அதுவரை தரையையே பார்த்திருந்த ஆரோக்கியம் தலை தூக்கினாள். அவள் குரலில் சினமில்லை, வெற்றியுமில்லை. புத்தகத்தில் ஓர் அச்சுப்பிழையைக் கண்டவளின் வியப்பே இருந்தது.

"நயினாருக்கா சிஸ்டர்? விளக்கு வெச்சப்புறமா? அவங்க சாப்ட மாட்டாங்களே."

"என்ன சாப்பிட மாட்டாரு?" என்றார் மருத்துவர்.

"எதுவுமே சார். பொழுது போய்ட்டா தண்ணிகூட வாய்ல படாது."

"ஆமாங்கய்யா" என்றார் தந்தை. "எங்க நெலத்துக்கு அடுத்த நெலம் அவங்க ஆளுங்களுது. அறுப்பு முடியாட்டியும் வெளிச்சத்தோட கஞ்சி குடிச்சுட்டுத்தான் மறுவேலை."

"இத ஏன் நீ முன்னாடியே சொல்லல?" மருத்துவர் ஆரோக்கியத்தைப் பார்த்து ஏறக்குறையக் கத்தினார்.

"பொழுது இருக்கும்போதே குடுத்துட்றாங்கன்னு நெனச்சேன் சார். இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே சார்."

மருத்துவர் எழுந்தார். நயினாரின் கட்டிலுக்குத்தான் செல்கிறார் என்பது விளங்கிற்று. அவர் வாயிலை அடையுமுன் அம்மையார், "போக வேணாம் டாக்டர்" என்றார்.

மருத்துவர் எதிரே அவர் அமர்ந்து நான் கண்டதில்லை. அன்று சுவரோரம் கிடந்த முக்காலியில் அமர்ந்தார். இடுப்புப் பட்டையின் ஊக்கைக் கழற்ற முயன்றார். இயலவில்லை. நானே குனிந்து கழற்றிச் சாவியை மேசைமேல் வைத்தேன்.

"அந்தப் பொண்ணு எதையும் தொடல" என்றார். "கல்லு வலிக்கு ஆஸ்பத்திரியில இந்த மருந்தத்தான் குடுத்தாங்க. வலி போயிடுச்சு. மருந்து என்னை விடல." பின்பு ஆரோக்கியத்தை நோக்கினார். அடுத்துப் பேசியவர் அவள் தந்தை.

"ஐயா, இப்ப இவ இங்கயே இருக்கலாமா? இல்ல கூட்டினு போவணுமா?"

"இருக்கட்டும்" என்றார் மருத்துவர். எழுதாத தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஆரோக்கியம் பயிற்சியை முடித்து நெடுங்காலம் பணியாற்றினாள். இலீலாவதி அம்மையாரை மருத்துவர் சென்னைக்கு மருத்துவம் பெற அனுப்பினார். அறக்கட்டளையார்க்கும் உண்மையைத் தெரிவித்தார். அம்மையார் மீண்டும் செவிலி உடை அணியவில்லை. பின்னாளில் நான் பயிற்றுநரானபோது, அவர் கற்பித்த முறை ஒன்றையும் மாற்றவில்லை. மேலொட்டை மும்முறை படிக்கக் கற்பித்தேன். நாவுக்கு அடியில் பார்க்கக் கற்பித்தேன். முறையில் குறையில்லை. முறையை ஒப்பிப்பவர் கட்டிலைப் பார்க்கிறாரா என்பதை அறியவே அவ்விரண்டாவது வினாவைச் சேர்த்தேன். எத்தனை பூட்டு இட்டாலும், சாவி ஒருவர் கையில் இருந்தாக வேண்டும்.

அன்று மாலை நிகழ்ந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அம்மையார் தம் பெட்டியைக் கட்டிவிட்டுக் கூடத்துக்கு வந்தார். வெயில் இராசகிரியின் தோளைத் தொட்டிருந்தது. பத்மாவதி அம்மாள் கணவருக்குக் கை கழுவ நீர் வார்த்துக்கொண்டிருந்தார்.

"புதுக் குப்பி வந்துதா?" என்று என்னைக் கேட்டார் அம்மையார்.

"வந்தது சிஸ்டர். டாக்டர் அளவக் குறைச்சு எழுதியிருக்கார்."

"அப்ப இப்பவே குடு. பொழுது இருக்குது."

நான் அலமாரியைத் திறந்து, மேலொட்டை மும்முறை படித்து, மாத்திரையை எடுத்தேன். அதை ஆரோக்கியத்திடம் கொடுக்குமாறு அவர் கைகாட்டினார். அவள் நயினாரைப் பெயர் சொல்லி அழைத்தாள், இடக்கையால் தலையைத் தாங்கினாள், நாவின்மேல் வைத்தாள். குவளையில் நீரை ஊற்றி நீட்டியவர் அம்மையார். நயினார் அவரை நோக்கி, "நல்லாருங்கம்மா" என்றார்.

ஆரோக்கியம், "வாயத் தொறங்க" என்றாள்.

அப்போது இலீலாவதி அம்மையார் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் அருகில் இருந்தும் கண்ணால் காணாமல் எங்கள் கூடத்தில் ஒரு நோயாளி மருந்து விழுங்கியது அன்று ஒரு நாள்தான்.